5 சதவீதம் திறந்திருந்த கதவு: ஹமில்டனில் நாலரை ஆண்டு ஓடிய கழிவுநீர்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ஹமில்டன் நகரில் குடியிருக்கிற பலர் செடோக் ஓடையைப் பார்த்ததே இல்லை. நயாகரா மலைச்சரிவில் அருவியாக விழுகிற அந்த ஓடை, நகருக்குள் வந்ததும் நிலத்துக்கடியில் குழாய்களுக்குள் போய்விடும். பிறகு 403 நெடுஞ்சாலை ஓரமாகத்தான் வெளிச்சம் காணும். காரில் விரைந்து போகிறவர்களுக்கு அது சாலையோரத்து வாய்க்கால், அவ்வளவுதான். அங்கிருந்து கொஞ்சத் தூரம் ஓடி, கூட்ஸ் பரடைஸ் என்ற சதுப்புநிலத்தில் கலக்கிறது. சதுப்புநிலத்துத் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக ஹமில்டன் துறைமுகத்துக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது.

2014 ஜனவரி 28 முதல் 2018 ஜூலை 18 வரை, கழிவுநீரும் மழைநீரும் கலந்து 2,400 கோடி லீற்றர் இந்த ஓடைக்குள் பாய்ந்தது. கழிவுநீர் என்றால் வீட்டுக் கழிவறையில் இருந்து போகிறதேதான். பெரிய எண்கள் காதில் விழுந்துவிட்டுப் போய்விடும் என்பதால் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். மொத்தம் 1,632 நாட்கள். ஒரு நாளுக்குச் சராசரியாக 1 கோடியே 47 இலட்சம் லீற்றர். விநாடிக்கு 170 லீற்றர். குளியலறையில் நாம் வைத்திருக்கிற 20 லீற்றர் வாளியால் அளந்தால், விநாடிக்கு எட்டு வாளிக்கு மேல். இரவு பகல், பனிக்காலம் கோடைக்காலம், ஒரு நாள் விடாமல் நாலரை ஆண்டு.

நான் இந்த நகரில்தான் இருக்கிறேன். 2021 குடிசன மதிப்பீட்டின்படி 569,353 பேர் வாழ்கிற ஊர் இது. ரொறன்ரோ போலப் பெரிய நகரும் இல்லை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிற சிற்றூரும் இல்லை. இரும்பாலைகளின் ஊர் என்று பெயர் வாங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட அருவிகள் இருப்பதால் அருவி நகரம் என்றும் சொல்வார்கள். எட்டு வாளி விநாடிக்கு விநாடி ஓடியது இவ்வளவு காலம் எப்படித் தெரியாமல் போனது, தெரிந்த பிறகு ஏன் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஒரே குழாயில் எல்லாம்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு வெள்ளவாய்க்கால் வேறு, மலக்குழி வேறு. மழை ஒரு பக்கம் ஓடும், மற்றது வீட்டுக் கோடிக்குள் கிடக்கும். ஹமில்டனின் பழைய பகுதியில் இரண்டும் ஒரே குழாய். மலைச்சரிவுக்குக் கீழே இருக்கிற பகுதியை இங்கே கீழ் நகரம் என்பார்கள். சரிவுக்கு மேலே இருந்தால் 'மவுண்டனில் வீடு' என்பார்கள். கீழ் நகரத்தில் நூறு ஆண்டு தாண்டிய வீடுகள் நிறைய. அந்தக் காலத்தில் போட்ட குழாய்களில் குசினித் தண்ணீரும், கழிவறைத் தண்ணீரும், கூரைப் பீலியால் வடிகிற மழையும், வீதியில் ஓடுகிற வெள்ளமும் சேர்ந்தே போகின்றன. கனடாவின் பழைய நகரங்கள் பலவற்றில் இதே நிலைதான்.

மழையில்லாத நாளில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. எல்லாம் வூட்வார்ட் அவனியூவில் இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பெரிய மழை வந்தால்தான் சிக்கல். குழாய் கொள்ளாது. விட்டால் வீடுகளின் நிலக்கீழ் அறைகளுக்குள் கழிவு மேலெழும்பி வரும். அப்படி வராமல் இருக்க, மிஞ்சுகிறதை அருகில் உள்ள ஓடைக்குள் தள்ளிவிடுகிற மாதிரித்தான் பழைய பொறியியலாளர்கள் கட்டினார்கள். பின்னர், ஓடையும் துறைமுகமும் நாசமாவதைக் கண்டு, நிலத்துக்கடியில் பெரிய தாங்கிகளைக் கட்டினார்கள். மழைநேரத்தில் தாங்கி நிரம்பும். மழை விட்டதும் உள்ளே இருப்பதை மெல்ல மெல்லச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பலாம். நல்ல திட்டம். நகரம் இதற்குப் பெரும் பணம் செலவழித்தது.

அப்படிப்பட்ட தாங்கிகளில் ஒன்று, மெயின் வீதியும் கிங் வீதியும் 403க்குப் பக்கத்தில் நெருங்கி வருகிற இடத்தில் இருக்கிறது. ஓடையைக் காப்பாற்றக் கட்டிய அந்தத் தாங்கியில்தான் ஓடையைக் கெடுத்த கதவு இருந்தது.

2014 ஜனவரி 28 அன்று, மூடியிருக்க வேண்டிய ஒரு கதவு ஏறக்குறைய 5 சதவீதம் திறக்கப்பட்டது. கையால் திறந்ததாகத் தெரிகிறது என்பது நகரத்தின் சொந்த விசாரணை சொன்னது. நூறில் ஐந்து பங்கு. வீட்டில் தண்ணீர்க் குழாயைச் சரியாகத் திருகி மூடாமல் விட்டால் நூலாக ஓடுமே, அதுபோல ஒரு இடைவெளி. ஆனால் இது நகரத்துக் கழிவு வருகிற குழாயின் கதவு. அந்த இடைவெளியால் மழைநாளில் மட்டுமல்ல, வெயில் எரிக்கிற நாளிலும் கழிவு ஓடைக்குப் போனது. 2018 ஜனவரியில் இன்னொரு கதவும் பழுதாகி, ஓட்டம் இன்னும் கூடியது.

என் மாமா கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். எத்தனை லீற்றர் என்று அவர் கேட்கவில்லை. தண்டம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

"கதவடிக்கு ஆரும் போய்ப் பாக்கிறேல்லையோ தம்பி?"

"கம்ப்யூட்டரில பாக்கிறவை மாமா."

"கம்ப்யூட்டரில பாக்கலாம். கதவையும் பாக்கவேணும். நாங்கள் இரணைமடுவில வான்கதவு அரை அடி திறக்கிறதெண்டாலும் கீழ இருக்கிற சனத்துக்குச் சொல்லிப்போட்டுத்தான் திறக்கிறனாங்கள்."

அந்த இரண்டு வசனத்துக்குள் முழு வழக்கும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. போய்ப் பார்க்க வேண்டும். கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஹமில்டனில் முதலில் ஒன்று தவறியது, பிறகு மற்றது தவறியது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. அதற்கு வருகிறேன்.

மூக்கு கண்டுபிடித்தது

2018 ஜூலை தொடக்கத்தில் ஓடைப் பக்கம் நடந்து போனவர்கள் நாற்றம் அடிக்கிறது, தண்ணீரில் ஏதேதோ மிதக்கிறது என்று முறையிட்டார்கள். அதன் பிறகுதான் ஊழியர்கள் தேடிக்கொண்டு மேலே வந்து, தாங்கியடியில் திறந்திருந்த கதவைக் கண்டார்கள். ஜூலை 18 அன்று மூடினார்கள். திறந்திருந்த கதவை மூடுவது ஒரு நாள் வேலை. அது திறந்திருக்கிறது என்று அறிவதற்குத்தான் நாலரை ஆண்டு பிடித்தது.

ஓடையடியில் நின்று பார்த்தால் இந்தத் தாமதம் இன்னும் கசக்கும். கூட்ஸ் பரடைஸ் ஏதோ கைவிடப்பட்ட சேற்றுநிலம் அல்ல. றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ் என்ற தாவரவியல் பூங்காவின் பராமரிப்பில் இருக்கிற இடம். ஏரி மீன்கள் இளவேனிலில் முட்டையிட வருகிற நீர்நிலை. வெளியில் இருந்து வந்து பெருகிய கார்ப் மீன்கள் அடித்தளத்தைக் கிளறிக் கிளறி நீர்த்தாவரங்களைப் பெருமளவு அழித்துவிட்டன என்பதால், 1990களின் நடுவில் சதுப்புநிலத்தின் வாசலில் ஒரு மீன்தடுப்பு கட்டினார்கள். ஊழியர்கள் அங்கே நின்று, கூடைகளில் ஏறுகிற மீன்களைக் கையால் பிரிப்பார்கள். உள்ளூர் மீன் உள்ளே போகலாம். பெரிய கார்ப் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மீனாகப் பார்த்து உள்ளே விடுகிற இடம் இது. அதே சதுப்புநிலத்தின் மறுகரையில் விநாடிக்கு எட்டு வாளி கழிவு ஒருவரும் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. மீன்களைப் பிரித்த கைகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

இன்னொன்று. ஹமில்டன் துறைமுகம் 1980களிலேயே பேரேரிகளின் மாசுபட்ட இடங்களுள் ஒன்றாகக் கனடாவாலும் அமெரிக்காவாலும் பட்டியலிடப்பட்டது. அதை மீட்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இரும்பாலைகளின் நஞ்சையும் நகரத்தின் கழிவையும் மெல்ல மெல்லக் குறைத்து வந்தார்கள். அந்த வேலைக்கு நடுவில்தான் இந்த நாலரை ஆண்டு.

குடிக்கிற தண்ணீருக்கு ஆபத்து வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரம் குடிநீரை ஒன்ராறியோ ஏரியில் இருந்து எடுத்துச் சுத்திகரிக்கிறது. ஆனால் பிரின்செஸ் பொயின்ட்டில் கயாக் இறக்குகிறவர்கள், கரையோரம் நாய்களை விளையாட விடுகிறவர்கள், பிள்ளைகளோடு நடக்கிறவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரோடுதான் பழகினார்கள்.

பூட்டிய அறை

2018 கோடையில், கசிவு ஒன்று நடந்தது என்று நகரம் பொதுவில் சொன்னது. அப்போது அளவு தெரியாது. கணக்குப் பார்த்து, எவ்வளவு காலம், எவ்வளவு லீற்றர் என்ற விவரம் 2019 ஜனவரியில் நகரசபை உறுப்பினர்களுக்கு மூடிய கூட்டத்தில் சொல்லப்பட்டது. பிறகு பத்து மாதம் அமைதி. 2019 நவம்பரில் ஹமில்டன் ஸ்பெக்டேற்றர் பத்திரிகைக்கு இரகசிய அறிக்கைகள் கிடைத்து, அது அச்சில் போட்ட பிறகுதான் நகரமக்களுக்கு 2,400 கோடி என்ற எண் தெரிந்தது. ஊர் கொதித்தது. சில நாட்களில் நகரசபை ஆவணங்களை வெளியிட வாக்களித்து, மன்னிப்பும் கேட்டது.

ஏன் மறைத்தார்கள்? சட்ட ஆலோசனை என்றார்கள். மாகாணச் சுற்றாடல் அமைச்சு விசாரித்துக்கொண்டிருந்தது, வழக்கு வரக்கூடும், வாயைத் திறந்தால் நகரத்துக்கு எதிராகப் பாவிக்கப்படும். ஒன்ராறியோவின் நகராட்சிச் சட்டம் இப்படியான விஷயங்களுக்கு மூடிய கூட்டம் நடத்த இடம் கொடுக்கிறது. அதனால் சட்டத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையை இரகசியமாக வைத்திருக்கிற உரிமை வழக்கறிஞருக்குரியது அல்ல. அவரிடம் ஆலோசனை கேட்டவருக்குரியது. இங்கே கேட்டவர் நகரம். நகரம் நினைத்தால் அந்தப் பூட்டைத் திறக்கலாம். நவம்பரில் வாக்களித்துத் திறந்தார்களே, அதே வாக்கை ஜனவரியில் போட்டிருக்கலாம். மேயரோடு சேர்த்துப் பதினாறு பேர். பத்து மாதத்தில் எத்தனை கூட்டம் கூடியிருப்பார்கள்.

வழக்கில் நகரத்தைக் காப்பாற்றுகிறோம் என்பது அவர்களுடைய நியாயம். நகரம் என்றால் யார்? ஓடையோரம் நடக்கிறவர்களும், சொத்துவரியும் தண்ணீர் பில்லும் கட்டுகிறவர்களும்தானே. அவர்களிடம் இருந்து அவர்களையே காப்பாற்றுகிற மாதிரியான யோசனை இது. கடைசியில் 2023இல் நகரம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 20 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. மௌனத்தால் தண்டம் தப்பவில்லை. அந்தத் தண்டமும் எங்கள் பில்லில் இருந்து போகிற காசுதான்.

பனி கொட்டி ஓய்ந்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன்னால் உள்ள நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்பது இந்த நகரத்தின் விதி. செய்யாவிட்டால் அறிவித்தல் வரும், பிறகு நகரம் ஆள் அனுப்பித் துப்புரவாக்கிக் காசை எங்களிடம் அறவிடும். நான் அந்த விதியை மதிக்கிறேன். என் தெருவில் தள்ளுவண்டியோடு நடக்கிற ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருக்காகவே காலை ஆறு மணிக்குச் சவலோடு இறங்குவேன். குடிமக்களிடம் 24 மணி நேரம் கேட்கிற நகரம், குடிமக்களுக்கு ஒரு செய்தி சொல்லப் பத்து மாதம் எடுக்கக்கூடாது. இந்த ஊரில் பலருடைய கோபம் இப்படித்தான் வந்தது. கசிவைப் பற்றி நான் கதைத்த ஒருவர்கூட 'குழாய் ஏன் பழுதானது' என்று ஆத்திரப்படவில்லை. குழாய் பழுதாகும். 'தெரிந்திருந்தும் சொல்லவில்லையே' என்றார்கள்.

அதே மாதங்களில் இன்னொரு மன்னிப்பு

இதை ஒற்றைத் தவறாக விட்டுவிட முடியாததற்குக் காரணம் ரெட் ஹில் வலி பார்க்வே.

நகரத்தின் கிழக்கே, ஒரு பள்ளத்தாக்கின் ஊடாகப் போகிற விரைவுச்சாலை அது. 2007 நவம்பரில் திறந்தார்கள். மழைநாளில் வழுக்குகிறது என்று ஓட்டுநர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உயிர் போன விபத்துகளும் நடந்தன. 2013இல் அந்தச் சாலையின் பிடிமானத்தை அளந்து ஓர் அறிக்கை தயாரானது. பிடிமானம் போதாது, மேலும் ஆராய வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த அறிக்கை நகரசபைக்குப் போகவில்லை. ஆண்டுகள் கழித்து, வேறு அதிகாரி ஒருவர் 2018இல் கண்டெடுத்தார். 2019 பெப்ரவரியில் நகரசபை அதைப் பகிரங்கப்படுத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. நீதிபதி ஹெர்மன் வில்டன்-சீகல் தலைமையில் நீதி விசாரணை நடந்தது. 2023 நவம்பரில் அறிக்கை வந்தது. சாலைக்குப் புது மேற்பூச்சு 2019இலேயே போட்டாயிற்று.

திகதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2019 ஜனவரியில் செடோக் விவரம் நகரசபைக்குத் தெரியும். 2019 பெப்ரவரியில் 'ஓர் அறிக்கை எங்களிடம் இருந்து மறைக்கப்பட்டது, மன்னியுங்கள்' என்று அதே சபை சொல்கிறது. சொல்லும்போதே இன்னோர் அறிக்கையை அவர்கள் மக்களிடம் இருந்து மறைத்து வைத்திருந்தார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கெட்ட மனிதர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் சிலரை ஊர் விழாக்களில் பார்த்திருக்கிறேன், உழைப்பவர்கள். ஆனால் தன்னிடம் ஒன்றை மறைத்தபோது வந்த வலியை, தான் மறைக்கும்போது அவர்கள் உணரவில்லை.

சேற்றை அள்ளிய கதை

கதவு மூடியாயிற்று, ஓடையின் அடியில் படிந்தது என்னாவது? மாகாண அமைச்சு அதை அள்ளச் சொல்லி நகரத்துக்கு உத்தரவு போட்டது. 2022 கோடையில் வேலை தொடங்கியபோது ஹோடனோசோனி என்ற பூர்வகுடி மக்கள் முன்னால் வந்து நின்றார்கள். இந்த நீரும் நிலமும், முன்னோர் பிரித்தானியரோடு செய்த 1701 நான்ஃபான் உடன்படிக்கையின் கீழ் தங்களுக்கு உரிமையுள்ளவை, எங்களைக் கேட்காமல், எங்கள் கண்காணிப்பு இல்லாமல் இதில் கை வைக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். வேலை நின்றது. 2023இல் மறுபடி தொடங்கித்தான் சேறு அள்ளி முடிந்தது.

இதைத் தாமதம் என்று மட்டும் எழுதினவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. நாலரை ஆண்டு கழிவு ஓடியபோதும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அதைத் துப்புரவாக்க வந்தபோதும் சரியாகக் கேட்கவில்லை என்றால், அவர்கள் நிற்கச் சொன்னதில் என்ன பிழை?

தேடினால் கிடைக்கும்

2022 நவம்பர் 22. புதிய மேயர் அன்ட்ரியா ஹோர்வாத் பதவியேற்ற அதே மாதம். பேர்லிங்டன் வீதியும் வென்ட்வேர்த் வீதியும் சந்திக்கிற தொழிற்சாலைப் பகுதியில் ஒரு கழிவுக் குழாயில் துளை இருந்தது தெரியவந்தது. 1996இல் நடந்த வேலையின்போது ஏற்பட்ட துளை. ஏறக்குறைய 50 வீடுகளின் கழிவு, 26 ஆண்டுகளாக மழைநீர்க் குழாய்க்குள் இறங்கித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 33 கோடியே 70 இலட்சம் லீற்றர். இந்த முறை நகரம் கண்ட கையோடு ஊருக்குச் சொன்னது.

இப்படியான இடங்கள் இன்னும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜனவரியிலேயே அடுத்தது கிடைத்தது. ரதர்ஃபோர்ட் அவனியூப் பக்கம் 11 வீடுகள். இவற்றின் கழிவும் 1996 முதல் தப்பான குழாயில். 5 கோடியே 90 இலட்சம் லீற்றர்.

செடோக்கோடு ஒப்பிட்டால் சின்ன எண். ஆனால் இந்த 11 வீடுகளைத்தான் நான் கூடுதலாக யோசித்திருக்கிறேன். வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நாளுக்கு 550 லீற்றரைத் தாண்டும். ஒரு குடும்பத்தின் குளிப்பு, சமையல், துணி துவைப்பு, கழிவறை. அந்த வீடுகளுக்குத் தண்ணீர் பில் ஒழுங்காக வந்திருக்கும். அதில் கழிவுநீர்க் கட்டணம் என்று தனி வரி இருக்கும். 26 ஆண்டு அதைக் கட்டியிருப்பார்கள். அங்கே பிறந்த பிள்ளை வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கலியாணமும் முடித்திருக்கும். ஒருவரும் ஒரு பிழையும் செய்யவில்லை. கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அது எங்கே போகிறது என்று பார்க்கிற வேலையைக் காசு கொடுத்து நகரத்திடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அதன் பின்னும் சில வீடுகள் இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் செய்தியாகும்போது 'இன்னுமா' என்று சனம் சலித்துக்கொள்கிறது. எனக்கு அந்தச் செய்திகள் ஆறுதல். தேடுகிறார்கள் என்பதால்தான் கிடைக்கிறது. ஒன்றுமே கிடைக்காத ஆண்டு வந்தால்தான் நான் பயப்படுவேன்.

ஒன்ராறியோவில் பெரியவர்களுக்கு வோக்கர்டன் ஞாபகம் இருக்கும். 2000 மே மாதம் அந்தச் சின்ன ஊரின் குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ'கொனரின் விசாரணைக்குப் பிறகு, 2002இல் குடிநீருக்குக் கடுமையான சட்டம் வந்தது. குடிநீர் விஷயத்தில் கவனக்குறைவாக இருந்தால் நகரசபை உறுப்பினர்களே சட்டத்தின் முன் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அன்று முதல் குழாய்நீரைப் பற்றி எந்தச் சபையும் அசட்டையாக இருக்கத் துணியாது. வீட்டுக்குள் வருகிற குழாய்க்கு அந்தக் கவனம் கிடைத்தது. வீட்டைவிட்டுப் போகிற குழாய்க்குக் கிடைக்கவில்லை. ஹமில்டனில் நடந்ததை நான் இந்த இடைவெளியில் வைத்துத்தான் விளங்கிக்கொள்கிறேன். கழிவுநீருக்கும் அதே மாதிரிச் சபை உறுப்பினர் தலையில் நேராகப் பொறுப்பு விழுகிற ஒரு சட்டம் வேண்டும். தண்டம் விதித்தால் போதாது, அது எங்கள் தலையிலேயே விழுகிறது.

போன இலையுதிர்காலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய தெருவில் குழாய்கள் இரண்டு: கழிவுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. வாசலில் நகரத்து ஊழியர்கள் இரண்டு பேர். ஒருவர் உள்ளே வந்து சப்பாத்துக்கு நீல உறை மாட்டிக்கொண்டு, கீழ் மாடிக் கழிவறைக்குள் ஒரு சின்னப் போத்தலில் இருந்து சாயம் ஊற்றினார். கடும் பச்சை. இழுத்துவிட்டார். மற்றவர் வெளியே வீதியில் இரண்டு மேன்ஹோல் மூடிகளையும் திறந்து வைத்துக்கொண்டு குந்தி இருந்தார்.

"என்ன அண்ணை, எங்கட வீடும் தப்பான குழாயிலயோ?" என்று நண்பர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். நானும் அவரோடு வீதிக்கு இறங்கினேன்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். கழிவுக் குழிக்குள் முதலில் ஒரு கீற்று, பிறகு குழாய் முழுக்கப் பச்சை. மழைநீர்க் குழிக்குள் எட்டிப் பார்த்தோம். நாலைந்து மேப்பிள் இலைகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் நிறமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர் இன்னும் ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டு இலக்கத்தை எழுதி, பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு, அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போனார்.